மேஸ்திரியின் நோட்டும் முதலாளியின் பதிவேடும்



முப்பத்திரண்டு ஆண்டுகள் பொதுக் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல், நம் ஊரில் எல்லோரும் ‘டபிள்யூ.சி. பாலிசி’ என்று சொல்லும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டிலேயே கழிந்தது. கோவையைச் சுற்றியுள்ள வார்ப்பட ஆலைகள், பம்புப் பட்டறைகள், கட்டடம் எழும்பும் மனைகள் எல்லாவற்றிலும் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். “பிரீமியத்தை முதலாளிகள் எப்படிக் கணக்கிட வேண்டும், எப்படிக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று பேசுங்கள்” என்று இந்தக் கூட்டத்துக்கான அழைப்பில் எழுதியிருந்தார்கள். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கணக்குக்குள் போகும் முன் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2012இல் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் மூன்றாம் மாடிச் சாரம் சரிந்து ஒரு கொத்தனார் இறந்துபோனார். வயது முப்பது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விசாரிக்க நான் போனேன். கான்ட்ராக்டர் சம்பளப் பதிவேட்டைக் காட்டினார். ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். இறந்தவர் பெயரும் இருந்தது. அவருடைய மாதக் கூலி என்று போட்டிருந்த தொகையைப் பார்த்தால் ஒரு சித்தாளுக்குக்கூட அது கட்டாது. பிறகு மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவர் இடுப்பில் செருகியிருந்த நீளவாக்கு நோட்டை எடுத்து நீட்டினார். அதில் இருபத்திரண்டு பேர். முழு நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, அரை நாளுக்கு ஒரு கோடு, வாங்கிய முன்பணம் ஓரத்தில், சனிக்கிழமை பட்டுவாடா அடியில். இறந்தவரின் பெயருக்கு நேரே அந்த வாரம் நான்கு பெருக்கல் குறிகளும் ஒரு கோடும் இருந்தன. அந்தக் கோடு போட்ட நாளில், மத்தியானம்தான் சாரம் சரிந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு கணக்கு. பிரீமியம் பதிவேட்டைப் பார்த்துக் கட்டப்பட்டது. கூலி நோட்டைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. என் அனுபவத்தில் இந்தக் காப்பீட்டில் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2009 திருத்தத்தில் ‘ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று பெயர் மாறியது. இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரும் பிரிவு எண்ணும் மாறின, அடிப்படை மாறவில்லை: வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். முதலாளியின் தவறு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தர வேண்டும்? மரணம் என்றால் மாதக் கூலியில் பாதி, பெருக்கல் வயதுக்கான காரணி. நிரந்தரமாக முழு ஊனம் என்றால் கூலியில் 60 சதவீதம், பெருக்கல் அதே காரணி. 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 50 வயதுக்கு 153.09. இளைஞன் இன்னும் எத்தனையோ ஆண்டு உழைத்திருப்பான் என்பதால் அவனுக்குக் காரணி அதிகம். மாதக் கூலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2010 மே 31 முதல் 8,000 ரூபாய், 2020 ஜனவரி 3இல் வந்த அறிவிப்பில் 15,000 ரூபாய். 30 வயதில் இறந்தவருக்கு 8,000 வரம்பில் 8,31,920 ரூபாய் கிடைத்திருக்கும். 15,000 வரம்பில் அதுவே 15,59,850 ரூபாய். ஒரே நாளில் முதலாளியின் பொறுப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அந்த ஜனவரியில் எத்தனை முதலாளிகள் தங்கள் பாலிசியை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலைதான் வரும். என்னிடம் வந்து கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிரீமியம் இதிலிருந்து நேரடியாகப் பிறப்பதில்லை. அது ஆண்டுக் கூலியிலிருந்து பிறக்கிறது. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் மொத்தக் கூலியை வேலை வகை வாரியாக உத்தேசித்து எழுதித் தருகிறீர்கள். கணக்கெழுதுபவர் ஒரு வகை, லேத் ஓட்டுபவர் ஒரு வகை, உருக்கிய இரும்பை ஊற்றுபவர் ஒரு வகை, சாரத்தில் நிற்பவர் ஒரு வகை. ஒவ்வொன்றின் ஆபத்துக்கும் ஏற்றபடி ஆயிரம் ரூபாய் கூலிக்கு இத்தனை ரூபாய் என்று விகிதம் போடுவார்கள். மருத்துவச் செலவு, தொழில்வழி நோய்கள், கான்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்கள் ஆகியவற்றுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இவற்றைச் சேர்க்காமல் “பாலிசி இருக்குங்க” என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த உத்தேசக் கணக்கை எப்படிப் போடுவது? போன ஆண்டு உண்மையில் கொடுத்ததை எடுங்கள். நெருக்கடி ஆர்டர் வந்த மாதத்தில் கூடுதலாக வந்த ஆட்களை விடாதீர்கள். கூலி என்று சட்டம் சொல்வது கையில் கொடுக்கும் பணத்தை மட்டும் அல்ல. பணமாக மதிப்பிடக்கூடிய சலுகையும் அதில் அடங்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, உங்கள் பட்டறைக்குப் பின்னாலேயே தங்கி, நீங்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடும் கூலியின் ஒரு பகுதிதான். புதிய சட்டத் தொகுப்பு இன்னொன்றும் செய்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, மீதியை அலவன்ஸ் என்று எழுதும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. இனி, கூலிக் கணக்கிலிருந்து விலக்கப்படும் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஆண்டு முடிந்ததும் உண்மையில் கொடுத்த கூலியை அறிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. உத்தேசித்ததைவிடக் குறைந்தால் பணம் திரும்ப வரும், கூடினால் மேலும் கட்ட வேண்டும். இந்த ஓர் அறிவிப்பை ஒழுங்காக அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். வேலை குறைந்துபோன ஆண்டில்கூட இதை அனுப்பாமல், திரும்ப வர வேண்டிய சொந்தப் பணத்தை விட்டவர்கள் உண்டு. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், “கணக்கைக் காட்டினா வேற எதையாவது கேப்பாங்க” என்பார்கள். அந்தப் பயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டடக் கான்ட்ராக்டரிடம் 20 பேர், தலைக்கு மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக் கூலி 36 லட்சம். விகிதம் ஆயிரத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம்; பிரீமியம் 36,000 ரூபாய், வரி தனி. அவர் 12 பேர் என்றும் தலைக்கு 9,000 என்றும் எழுதுகிறார். ஆண்டுக் கூலி 12,96,000, பிரீமியம் 12,960. மிச்சம் 23,040 ரூபாய். அந்த ஆண்டில் முப்பது வயதுக்காரர் ஒருவர் விழுந்து இறக்கிறார். உண்மைக் கூலிக்கு இழப்பீடு 15,59,850. எழுதிய கூலிக்கு 9,35,910. நடுவில் 6,23,940 ரூபாய். ‘நாங்கள் பிரீமியம் வாங்கிய கூலி இவ்வளவுதான்’ என்று காப்பீட்டு நிறுவனம் நிற்கும். மீதி கான்ட்ராக்டரின் கைப்பொறுப்பு. ஆண்டுதோறும் மிச்சம் பிடித்ததை அப்படியே சேர்த்து வைத்தாலும் அதைக் கட்ட 27 ஆண்டுகள் ஆகும். இறந்தவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தானா என்ற கேள்வி எழுந்துவிட்டால் முழுத் தொகையே அந்தரத்தில் நிற்கும்.

பணக்கணக்கில் இது முதலாளிக்கு நஷ்டம். ஆனால் அதைவிடப் பெரிதாக எனக்குத் தெரிவது வேறு. அந்த 6,23,940 ரூபாய்க்காக ஒரு விதவைப் பெண் கைக்குழந்தையோடு தொழிலாளர் துறை அலுவலகத்தின் வராந்தாவில் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. நான் அந்த வராந்தாவில் எதிர்த்தரப்பு ஆளாக நின்றவன். அதனால்தான் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

தாமதத்துக்கும் விலை உண்டு. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாவிட்டால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். வட்டியைத் தரும் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்திலேயே விலக்கிக்கொள்ளலாம் என்று 2006இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே பாலிசி வாங்கியதும் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது விலக்குப் பகுதியை.

அந்த 1975 தீர்ப்பு இன்னொரு வகையிலும் முக்கியம். அது ஒரு தச்சரின் வழக்கு. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. சட்ட அட்டவணையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சதவீதம் இருக்கிறது, கட்டைவிரலுக்கு 30. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்குச் சம்பாதிக்கும் சக்தி முழுவதும் போய்விட்டது, இழப்பு நூறு சதவீதம் என்று முடிவானது. அட்டவணையைப் பார்த்துப் பொறுப்பை மதிப்பிடும் முதலாளி, தன்னிடம் வேலை செய்பவர் எந்த உறுப்பை நம்பிப் பிழைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து இஎஸ்ஐ, அதாவது ஊழியர் அரசுக் காப்பீடு. “எங்ககிட்ட இஎஸ்ஐ இருக்கு, இது எதுக்கு?” என்பது நான் அதிகம் கேட்ட கேள்வி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் அது. 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். இஎஸ்ஐயில் உள்ளவர் விபத்துக்கு அங்கேதான் பலன் பெற வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. நல்ல திட்டம், மருத்துவமும் சேர்ந்தது. ஆனால் 2017இல் வந்த 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பு ஒன்று இருக்கிறதே, அங்கேதான் சறுக்குகிறார்கள். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள டர்னருக்குச் சம்பளம் உயர்த்துகிறீர்கள். அந்தப் பங்களிப்புப் பருவம் முடிந்ததும் அவர் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். அன்றிலிருந்து அவருடைய விபத்துக்கு முதலாளியே பொறுப்பு. பட்டறையின் மிகச் சிறந்த கைக்கு ஒரு காப்பும் இல்லாத நிலை. ஏப்ரலிலும் அக்டோபரிலும், பருவம் மாறும்போது, யார் யார் வெளியே வந்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து அவர்களை டபிள்யூ.சி. பாலிசியில் சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கட்டடக்காரர்கள் சொல்வது வேறு: “வாரியத்துக்கு ஒரு சதவீதம் செஸ் கட்டியாச்சு.” அது கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கானது, உங்கள் இழப்பீட்டுப் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளாது. “கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆளு” என்பதும் உதவாது. கான்ட்ராக்டரின் ஆளுக்கும் வேலையைக் கொடுத்தவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு சப்-கான்ட்ராக்டரிடமும் அவருடைய பாலிசியின் நகலை, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்ற தேதியோடு வாங்கி வையுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இஎஸ்ஐயில் ஜவுளிக்கடைக் கணக்கருக்கும் பவர் பிரஸ் ஓட்டுபவருக்கும் ஒரே சதவீதம். ஜெர்மனியில் 1884இல் பிஸ்மார்க் காலத்தில் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் முதலாளிகளைத் தொழில் வாரியாகச் சங்கங்களாகச் சேர்த்து, ஆபத்து வகுப்புக்கு ஏற்றபடி கட்டணம் போட வைத்தது. அமெரிக்கா இன்னும் ஒரு படி போனது. அங்கே நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டத்தை 1911 மார்ச் 24 அன்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் செல்லாது என்றது. மறுநாளே, மார்ச் 25 அன்று, நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அந்த மாநிலம் தன் அரசியல் சட்டத்தையே 1913இல் திருத்தித்தான் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நூறு டாலர் சம்பளத்துக்கு இத்தனை என்று விகிதம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்: அலுவலக எழுத்தருக்கு 8810, கூரை வேலைக்காரருக்கு 5551. அதன்மேல் அந்த நிறுவனத்தின் சொந்த விபத்து வரலாற்றை வைத்து ஒரு பெருக்கு எண். சராசரி என்றால் 1.00. விபத்து குறைந்தால் அதற்குக் கீழே, கூடினால் மேலே. ஒரு பெரிய விபத்தைவிடப் பல சின்ன விபத்துகள் அந்த எண்ணை அதிகம் ஏற்றும்; அடிக்கடி சின்ன விபத்து நடக்கும் இடத்தில் பெரியது பின்னால் வருகிறது என்பது அதன் அடிப்படை எண்ணம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் வந்து சம்பளக் கணக்கைப் புரட்டுவார். காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாத சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுத்த தொகையையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, யந்திரத்துக்குக் காப்பு போட்ட முதலாளிக்கு அதன் பலன் பிரீமியத்திலேயே தெரிகிறது என்பது. பிடிக்காதது, விபத்தையே மறைக்கும் ஆசையை அது தூண்டுகிறது. “கை வெட்டுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் நானே கட்டிவிடுகிறேன், எழுதாதே” என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஆனாலும் நம் நாட்டில் ஒரு சிறு பட்டறை பத்து ஆண்டு விபத்தே இல்லாமல் ஓடினாலும் அதன் பிரீமியத்தில் அது தானாகப் பிரதிபலிப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். விபத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விகிதம் கேளுங்கள். முதல்நாள் இரவு ஏஜென்டைக் கூப்பிட்டால் அவர் சொல்வதுதான் விகிதம்.

பிரீமியத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த நேர்வழி பவர் பிரஸ்ஸில் இருக்கிறது. இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும் என்ற அமைப்பு. உற்பத்தி வேகம் குறைகிறது என்று ஒரு பொத்தானில் டேப் ஒட்டிவிடுவார்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போகும் இடம் அதுதான். 25 வயதுப் பையனுக்குக் கட்டைவிரல் போனால், 15,000 கூலியில், அட்டவணைப்படி 5,85,657 ரூபாய். அந்த டேப்பைப் பிய்த்து எறிய ஒரு ரூபாய்கூட ஆகாது. சாரத்துக்கு நல்ல முட்டு, கட்டு, ஏறுபவருக்கு இடுப்புப் பட்டை, பட்டையை மாட்ட ஒரு கயிறு. இவற்றை வாங்கும் செலவையும் பிரீமியத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்று நான் முதலாளிகளிடம் சொல்வேன். புதிய தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு நிலைநாட்டப்பட்டால் கணக்கில் வரும். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வண்டியில் கிளம்பும் ஆள் இனி உங்கள் கணக்குக்குள்ளும் இருக்கிறார்.

மறுபடி அந்த நோட்டுக்கு வருகிறேன். கான்ட்ராக்டர் கொடுமைக்காரர் அல்லர். உடல் வீட்டுக்குப் போன அன்றே ஐம்பதாயிரம் ரூபாயை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, “இனி எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தார். மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேராகக் கொடுத்தது, மூன்று மாதக் கூலி அளவுக்கான முன்பணம் தவிர, கணக்கில் வராது. அந்தப் பேப்பரும் செல்லாது. பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் சட்டம் ஏற்பதில்லை. இது அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாலிசியை விற்ற நாங்களும் சொல்லவில்லை; அது எங்கள் குறை.

ஆணையர் முன்னால் மேஸ்திரியின் நோட்டு ஆவணமானது. எங்கள் நிறுவனத்தின் வக்கீல் பதிவேட்டைக் காட்டினார். ஆணையர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் இருந்த கூலியை எடுத்துக்கொண்டார். அறிவித்த கூலியின் அளவுக்கு நிறுவனம் கட்டியது. மீதியையும் வட்டியையும் கான்ட்ராக்டர் கட்டினார். அதற்காக ஒரு மனையை விற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கு முழுத் தொகையும் வந்து சேர இரண்டரை ஆண்டு ஆனது. குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது.

அடுத்த ஆண்டு பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கான்ட்ராக்டர் அலுவலகத்துக்கு வந்தார். முன்மொழிவுப் படிவத்தை மேசைமேல் வைத்தேன். கூலி எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு நீளவாக்கு நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். மேஸ்திரியுடையது, புது நோட்டு.

“இதுலருந்து கூட்டிப் போடுங்க சார்,” என்றார். “பதிவேட்டையும் இனி இதப் பாத்துத்தான் எழுதச் சொல்லியிருக்கேனுங்க.”